குளிருக்கு தீ மூட்டுறீங்களா? உஷார்! ஓசூர் பகுதி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

ஓசூர்:-

மார்கழி, தை மாதம் வந்துவிட்டால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர், பேரிகை, சூளகிரி பகுதிகளில் சாயங்காலம் 6 மணிக்கே பனி இறங்க ஆரம்பித்து விடும். வீட்டு வாசல், தெருமுனை, டீக்கடை ஓரம், கம்பெனி கேட், லாரி நிற்கும் இடம் என எங்கு பார்த்தாலும் 4 பேர் குந்தி உட்கார்ந்து நெருப்பு காய்வதை பார்க்கலாம்.

குளிருக்கு தீ மூட்டுவது தப்பு இல்லை. ஆனால் எங்கே மூட்டுவது, எதை போட்டு எரிப்பது, எப்படி அணைப்பது என்று தெரியாமல் மூட்டுவதால் வீடு எரிகிறது, வைக்கோல் போர் எரிகிறது, குழந்தைகள் காலை சுட்டுக்கொள்கிறார்கள். இதைவிட கொடுமை, அறைக்குள் கரி நெருப்பை வைத்துவிட்டு தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திருப்பதே இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

இங்கு மட்டும் ஏன் இந்த குளிர்?

ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. தளி பகுதியை வெள்ளைக்காரர் காலத்தில் இருந்தே "குட்டி இங்கிலாந்து" என்று சொல்வார்கள். கிருஷ்ணகிரியில் இருந்து மேட்டில் ஏறி ஓசூர் பக்கம் வந்தாலே காற்றில் வித்தியாசம் தெரியும்.

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் தொழில் நகரமாக மாறிவிட்டது. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, பேகேபள்ளி என்று கர்நாடக எல்லை வரைக்கும் கம்பெனிகள், லைன் வீடுகள், தகர ஷெட்டுகள். வேலைக்கு வருகிறவர்களில் பலர் மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் போன்ற வெயில் ஊர்களை சேர்ந்தவர்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வருகிறவர்கள், கேட்டில் ராத்திரி முழுக்க நிற்கும் வாட்ச்மேன்கள், ஷெட்டில் படுக்கும் கட்டிட தொழிலாளர்கள் - இவர்களுக்கு எல்லாம் ஹீட்டர் எங்கே இருக்கிறது? கிடைத்த கட்டையை போட்டு கொளுத்துவதுதான் வழி.

அந்த பக்கம் கிராமங்களில் வேறு கதை. ராகி அறுவடை நேரத்தில் யானை வந்துவிடும் என்று வயலில் ராத்திரி காவல் இருப்பவர்கள் தீ மூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, ஊருக்குள்ளும் தீ, ஊருக்கு வெளியேயும் தீ. இதில் எந்த இடத்தில் எந்த ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், முக்கால்வாசி விபத்தை தவிர்த்து விடலாம்.

புகை இல்லாத எமன்

முதலில் உயிரை எடுக்கும் விஷயம். வெளியில் எரியும் நெருப்பைவிட, வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கும் கரி நெருப்பு 10 மடங்கு பயங்கரம்.

பலர் என்ன செய்கிறார்கள்? வாசலில் விறகு எரிந்து முடிந்ததும், சிவந்து கிடக்கும் தணலை அள்ளி இரும்பு சட்டியிலோ, கும்மட்டி அடுப்பிலோ போட்டு அறைக்குள் வைத்துவிடுகிறார்கள். "புகைதான் வரலையே, அப்புறம் என்ன பயம்?" என்று கதவு, ஜன்னலை சாத்திக்கொண்டு படுத்து விடுகிறார்கள். ஜன்னல் இடுக்கில் பனிக்காற்று வருகிறது என்று துணியை வேறு அடைத்து வைக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து. கரித்தணல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியே வருகிறது. இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமலும் வராது. பக்கத்தில் இருப்பது தெரியவே தெரியாது.

நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனை உடம்பு முழுக்க சுமந்து செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். இந்த விஷ வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். பஸ்சில் சீட் எல்லாவற்றையும் ஒருத்தன் துண்டு போட்டு பிடித்துக்கொண்டால், டிக்கெட் எடுத்தவன் எங்கே உட்காருவான்? அதே கதைதான். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைக்கும், இதயத்துக்கும் ஆக்சிஜன் போய் சேராது.

முதலில் லேசாக தலைவலி வரும். அப்புறம் தலைசுற்றல், வாந்தி, கை கால் தளர்ச்சி. முழித்திருப்பவர்களுக்கு இது தெரியும், எழுந்து வெளியே ஓடலாம். தூங்குகிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. தூக்கத்திலேயே மயக்கமாகி, மயக்கத்திலேயே உயிர் போய்விடும். அதனால்தான் இப்படிப்பட்ட சம்பவங்களில் ஒரே அறையில் இருந்த 2 பேர், 3 பேர், சில சமயம் மொத்த குடும்பமே ஒன்றாக பலியாகிறது.

நடந்த சம்பவங்கள்

2024 ஆகஸ்டு மாதம் கொடைக்கானலில் நடந்த பரிதாபம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். திருச்சியில் இருந்து சுற்றுலா சென்ற நண்பர்கள் சின்னப்பள்ளம் பகுதியில் ஒரு விடுதியில் தங்கி இருந்தனர். பார்பிக்யூ அடுப்பில் கறி சுட்டு சாப்பிட்டார்கள். கரி அடுப்பு இருந்த அறையில் படுத்து தூங்கிய 2 பேர் காலையில் பிணமாக கிடந்தனர்.

2025 நவம்பர் மாதம் கர்நாடக மாநிலம் பெலகாவியில் ஒரு அறையில் கரி நெருப்பை வைத்துவிட்டு 4 இளைஞர்கள் தூங்கினார்கள். அவர்களில் 3 பேர் இறந்துவிட்டனர்.

2020 ஜனவரி மாதம் நேபாள நாட்டுக்கு சுற்றுலா சென்ற கேரளாவை சேர்ந்த 8 பேர், டாமன் என்ற இடத்தில் விடுதி அறையில் கியாஸ் ஹீட்டரை போட்டுக்கொண்டு, கதவு, ஜன்னலை பூட்டி தூங்கியபோது மூச்சுத்திணறி பலியானார்கள். அவர்களில் 4 பேர் சின்ன குழந்தைகள்.

மூன்று சம்பவத்திலும் அடுப்பு வேறு, ஊர் வேறு. தப்பு ஒன்றுதான். மூடிய அறைக்குள் நெருப்பு.

இந்த 5 பேர் ரொம்ப உஷாராக இருக்கணும்

* வாட்ச்மேன்கள்: கம்பெனி கேட்டில் இருக்கும் தகர கூண்டு 4 அடிக்கு 4 அடிதான் இருக்கும். அதற்குள் தணல் சட்டியை வைத்து கதவை சாத்தினால், பெரிய அறையைவிட சீக்கிரமாக விஷ வாயு நிரம்பிவிடும். நெருப்பு கூண்டுக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.

* லைன் வீடு, ஷெட்டில் இருப்பவர்கள்: ஒரே அறையில் 6 பேர், 8 பேர் படுக்கும் இடத்தில் கரி அடுப்பு வைத்தால் ஒருத்தர்கூட தப்பிப்பது கஷ்டம். வட மாநிலங்களில் அங்கீட்டி என்ற கரி அடுப்பை குளிருக்கு வைப்பது பழக்கம். உடன் வேலை பார்க்கும் வடமாநில தொழிலாளர்களுக்கு தெரிந்த பாஷையில் இதை எடுத்து சொல்லுங்கள். மேஸ்திரிகளுக்கும், வீட்டு ஓனர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

* பிள்ளை பெற்ற வீட்டார்: தாய்க்கும், குழந்தைக்கும் குளிர் ஆகக்கூடாது என்று கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைப்பது, சாம்பிராணி புகையை மூடிய அறைக்குள் விடுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. பச்சை குழந்தைக்கு இது எமன். கம்பளி, தொப்பி, தாயின் உடம்பு சூடு - குழந்தைக்கு இது போதும்.

* லாரி டிரைவர், கிளீனர்கள்: பெங்களூரு-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஓரம் கட்டி, கேபினுக்குள் ஸ்டவ் பற்றவைத்து கண்ணாடியை ஏற்றிவிட்டு படுக்கவே கூடாது. சமைப்பதாக இருந்தாலும் கீழே இறங்கி சமையுங்கள்.

* லாட்ஜ், ரிசார்ட்டில் தங்குகிறவர்கள்: பார்பிக்யூ அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து அறைக்குள் எடுத்துவரக்கூடாது. மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே தணல் இருக்கும்.

"ஒரு ஜன்னலை திறந்து வச்சிட்டா போதுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. காற்று எப்போது, எந்த பக்கம் வீசும் என்று யாருக்கும் தெரியாது. தூங்கப்போகும் முன் நெருப்பு வீட்டுக்கு வெளியே போய்விட வேண்டும்.

எங்கே மூட்டலாம்?

வீட்டுக்கு பின்னால் காலி இடம் இருந்து, அங்கே தீ மூட்டி குளிர் காய நினைப்பவர்கள் முதலில் தலையை தூக்கி மேலே பார்க்க வேண்டும். கரண்ட் ஒயர், கேபிள் ஒயர், மரக்கிளை, ஓலை, தார்ப்பாய் பந்தல் - இதில் எது இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

அடுத்து சுற்றிலும் பாருங்கள். வீடு, கூரை, மாட்டு கொட்டகை, ராகி தாள் போர் ஆகியவற்றில் இருந்து குறைந்தது 25 அடி தள்ளி இருக்க வேண்டும். கியாஸ் சிலிண்டர், பைக், கார், டீசல் கேன், பெயிண்ட் டப்பா எதுவும் கிட்டே இருக்கக்கூடாது. தீ மூட்டும் இடத்தை சுற்றி 10 அடிக்கு காய்ந்த புல், சருகு, பிளாஸ்டிக் கவர் இல்லாமல் கூட்டிவிட வேண்டும்.

பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பக்கம் ரோஜா, காய்கறி பசுமைக்குடில்கள் நிறைய இருக்கின்றன. அது பிளாஸ்டிக் ஷீட். காற்றில் பறந்துபோகும் ஒரு பொறி விழுந்தால் ஷீட் உருகி ஓட்டை விழும், பற்றியும் கொள்ளும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி போட்ட குடில் பக்கத்தில் கொளுத்தி விளையாட வேண்டாம்.

பட்டாசு கடை, குடோன் இருக்கும் பக்கம் தீப்பெட்டியே எடுக்கக்கூடாது. 2023 அக்டோபர் 7-ந்தேதி அத்திப்பள்ளியில் பட்டாசு குடோன் எரிந்து தமிழக தொழிலாளர்கள் 10-க்கும் மேற்பட்டோர் கருகிய சோகத்தை எல்லை பகுதி மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சிமெண்ட் தரை, மொட்டை மாடி, தார் ரோடு மீது நேராக தீ மூட்டக்கூடாது. சூடு ஏறினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேல் பூச்சு வெடித்து சில்லு சில்லாக தெறிக்கும். கண்ணில் பட்டால் அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழே மூட்டினாலும் ஷீட் பட்டாசு மாதிரி வெடிக்கும்.

குழி எப்படி தோண்டுவது?

மண் தரையில் 2 அல்லது 3 அடி அகலத்துக்கு, 1 அடி ஆழத்துக்கு குழி தோண்டினால் போதும். தோண்டிய மண்ணை தூரமாக கொட்டிவிடாமல் பக்கத்திலேயே குவித்து வையுங்கள். அவசரத்துக்கு அதுவே நெருப்பை அமுக்க உதவும்.

குழியை சுற்றி காய்ந்த செங்கல்லை அடுக்கி வைக்கலாம். ஆற்றில், ஏரியில் எடுத்த கூழாங்கல் வேண்டாம். கல்லுக்குள் தண்ணீர் ஊறி இருக்கும். சூடு பட்டால் கல் வெடித்து துண்டு பறக்கும்.

குழி தோண்ட இடம் இல்லாதவர்கள் கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு பாண்டு சட்டியை 4 செங்கல் மேல் வைத்து அதில் மூட்டலாம். பிளாஸ்டிக் பாண்டு ஆகாது. வீட்டு சுவருக்கும் சட்டிக்கும் 10 அடிகூட இடைவெளி இல்லாத நெருக்கமான லைன் வீடுகளில் தீ மூட்டாமல் இருப்பதுதான் நல்லது. அங்கே ஸ்வெட்டர், மப்ளர், காலுக்கு சாக்ஸ் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தீ மூட்டும் முன் 2 குடம் தண்ணீர், ஒரு ஈர சாக்கு, ஒரு மண்வெட்டி - இந்த மூன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எரிய ஆரம்பித்த பிறகு குழாயை தேடி ஓடினால் பிரயோஜனம் இல்லை.

எதை எரிக்கலாம்? எதை எரிக்கக்கூடாது?

காய்ந்த விறகு மட்டும்தான். புளி, வேம்பு, சவுக்கு எல்லாம் நன்றாக எரியும். ஈர விறகு போட்டால் சூடு வராது, புகைதான் வரும். தைல மர இலையில் எண்ணெய் இருப்பதால் குப்பென்று பிடித்து உயரமாக எரியும், ஒரே நேரத்தில் கூடை கூடையாக கொட்டக்கூடாது.

அரளி செடியை தொடவே வேண்டாம். நெடுஞ்சாலைக்கு நடுவில் அழகுக்கு வைத்திருக்கும் செடி அதுதான். வெட்டி போட்ட கிளை காய்ந்து கிடக்கிறதே என்று தூக்கிவந்து எரித்தால், அந்த புகையும் விஷம்தான்.

சிப்காட் பகுதியில் சுலபமாக கிடைப்பது கம்பெனி கழிவு. ஆபத்தும் அதில்தான் அதிகம்.

டயர், ரப்பர்: கரும்புகையில் கந்தக வாயுவும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ரசாயனங்களும் இருக்கின்றன. டயர் பற்றிக்கொண்டால் அணைப்பதும் லேசில் முடியாது.

ஒயர்: செம்பு கம்பிக்காக ஒயரை கொளுத்துவது சில இடங்களில் நடக்கிறது. மேலே இருக்கும் பி.வி.சி. உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலை அரிக்கும். டயாக்சின் என்ற கொடிய விஷமும் உண்டாகும். 100 ரூபாய் செம்புக்கு ஆசைப்பட்டு ஆயுசை விற்கக்கூடாது.

வேஸ்ட் காட்டன்: மெஷின் துடைத்த எண்ணெய் துணியில் ஆயில், தின்னர் எல்லாம் இருக்கும். போட்ட உடனே முகத்துக்கு நேராக தீ எழும்பும்.

பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை: பிளைவுட்டை ஒட்டும் பசையில் இருந்தும், பெயிண்டில் இருந்தும் விஷ புகை வரும். கண் எரிச்சல், மூச்சு இரைப்பு நிச்சயம்.

பேக்கிங் பலகை: வெளிநாட்டு சரக்கு வரும் மரப்பெட்டி, பேலட்டுகளில் சூடு குத்தியது போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் வெறும் சூட்டில் பதப்படுத்திய மரம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி புகை காட்டிய மரம், அதை எரிக்கக்கூடாது. எந்த பலகையாக இருந்தாலும் ஆணியை பிடுங்காமல் போட்டால், மறுநாள் சாம்பலில் கிடக்கும் ஆணி யார் காலிலாவது ஏறும்.

மூடிய டப்பா, ஸ்பிரே, லைட்டர், செல்போன் பேட்டரி: குப்பையோடு குப்பையாக இதுவும் தீயில் போய் விழும். டப்பென்று வெடிக்கும். குப்பையை கொட்டி கொளுத்துகிறவர்கள் காயம்படுவது இப்படித்தான்.

குப்பை கொளுத்தினால் அபராதமும் உண்டு. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5 ஆயிரம் ரூபாய், மொத்தமாக கொட்டி எரித்தால் 25 ஆயிரம் ரூபாய் என்று தேசிய பசுமை தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. போகி அன்றைக்கு பழைய டயர், பிளாஸ்டிக்கை கொளுத்த வேண்டாம் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்வதும் இதனால்தான். பனிக்காலத்தில் தரையோரம் குளிர்ந்த காற்று தங்கிவிடும். புகை மேலே போகாமல் தெருவிலேயே சுற்றிக்கொண்டு இருக்கும். ஆஸ்துமாக்காரர்களும், கைக்குழந்தைகளும் ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பெட்ரோல் ஊற்றினால்...

விறகு பிடிக்கவில்லை என்று பைக்கில் இருந்து பெட்ரோல் எடுத்து ஊற்றுவது, பெயிண்ட் தின்னர் ஊற்றுவது ரொம்ப தப்பு. பெட்ரோல் ஊற்றியதும் ஆவியாக மாறும். அந்த ஆவி காற்றைவிட கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக பரவி, ஊற்றியவர் காலடி வரைக்கும் வந்து நிற்கும். தீக்குச்சி கிழித்த நொடியில் குழியில் மட்டும் இல்லை, ஆள் நிற்கும் இடத்திலும் சேர்த்து பற்றும். எரிகிற தீயில் ஊற்றினால் தீ கேனுக்கே ஏறிவரும்.

சருகு, தேங்காய் நார், காய்ந்த சுள்ளி வைத்து பொறுமையாக பற்றவைத்தால் 5 நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

எரியும்போது என்ன கவனிக்கணும்?

* தீ இடுப்பு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. குளிர் காய தணல் போதும், கொழுந்து தேவை இல்லை.

* காற்று வேகமாக வீசி பொறி பறக்க ஆரம்பித்தால் யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும்.

* நைலான், பாலியஸ்டர் துணி தீ பட்டால் உருகி தோலோடு ஒட்டிக்கொள்ளும். சால்வை நுனி, சேலை முந்தானை, துப்பட்டா தொங்காமல் இழுத்து செருகிக்கொள்ளுங்கள்.

* குழந்தைகள் 6 அடிக்கு அந்த பக்கம்தான் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அவர்களுக்கு என்றே கண் வைத்திருக்க வேண்டும்.

* குடித்துவிட்டு நெருப்பு பக்கத்தில் உட்காரக்கூடாது. தள்ளாடி தணலில் விழுந்தால் எழுந்திருக்கக்கூட தெரியாது.

* ஒருவராவது முழித்திருக்க வேண்டும். எல்லோரும் தூங்கப்போனால் நெருப்பும் அணைந்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மூட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பனியோடு புகையும் சேர்ந்தால் வண்டி ஓட்டுபவருக்கு 20 அடிகூட தெரியாது. சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி மூட்டுங்கள்.

அணைக்கிறதுதான் முக்கியம்

பலர் தப்பு செய்வது இங்கேதான். "அதுவா அணைஞ்சிடும்" என்று விட்டுவிட்டு போய் படுத்து விடுகிறார்கள். இல்லையென்றால் மேலே கொஞ்சம் மண்ணை தள்ளிவிட்டு போகிறார்கள். மண்ணுக்கு அடியில் தணல் அணையாது. மேலே பார்த்தால் வெறும் மண், உள்ளே நெருப்பு.

ஆஸ்திரேலியாவில் இதுபற்றி டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றி அணைத்த நெருப்பு சீக்கிரமாக ஆறிவிட்டது. மணல் போட்டு மூடிய நெருப்பு 8 மணி நேரம் கழித்தும் தோலை சுடும் அளவுக்கு கொதித்தது. குழந்தைகள் பலர் காலை சுட்டுக்கொண்டது எரியும் நெருப்பில் இல்லை, முந்தின நாள் ராத்திரி மூட்டிய நெருப்பின் சாம்பலில்தான். நம்ம ஊரிலும் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது சாம்பல் என்றுதான் தெரியும், தணல் என்று தெரியாது.

அதனால் இப்படி செய்யுங்கள். படுக்கப்போவதற்கு அரை மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். தணலை குச்சியால் பரப்பி விடுங்கள். தண்ணீரை ஒரேயடியாக கொட்டாமல் தெளித்து தெளித்து ஊற்றுங்கள், குபீரென்று வரும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும். பிறகு கிளறுங்கள். மறுபடி ஊற்றுங்கள். புஸ் என்ற சத்தம் நின்ற பிறகு, புறங்கையை மெதுவாக சாம்பலுக்கு மேலே கொண்டுபோய் பாருங்கள். சூடு அடித்தால் இன்னும் அணையவில்லை என்று அர்த்தம்.

சாம்பலை உடனே அள்ளி குப்பை வண்டியிலோ, பிளாஸ்டிக் பக்கெட்டிலோ கொட்டக்கூடாது. சாம்பலுக்குள் புதைந்த தணல் ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடி போட்ட இரும்பு டின்னில் போட்டு, 2 நாள் கழித்து கொட்டுங்கள்.

காட்டு ஓரம் இருப்பவர்களுக்கு

சானமாவு, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பகுதிகளில் காப்புக்காட்டை ஒட்டி நிறைய கிராமங்கள் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது வனச்சட்டப்படி குற்றம். மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும். அணைக்காமல் விட்ட ஒரு பீடி துண்டு போதும், மலையே எரிய. 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடே பார்த்தது.

ராகி காவலுக்கு தீ மூட்டுபவர்கள் போர் பக்கத்தில் இல்லாமல், காற்று வீசும் திசையை பார்த்து மூட்ட வேண்டும். யானை மீது கொள்ளியையோ, எரியும் டயரையோ வீசக்கூடாது. 2021 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் மசினகுடியில் எரியும் பொருளை வீசியதில் காயம்பட்ட யானை துடித்து செத்தது. அந்த வழக்கில் கைது நடவடிக்கையும் பாய்ந்தது. பயிர் சேதம் என்றால் வனத்துறைக்கு தகவல் சொல்லி நிவாரணம் கேட்பதுதான் சரியான வழி.

ஊருக்குள்ளும் சட்டம் உண்டு. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நெருப்பை கையாண்டால், பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் 287-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து கிடைக்கும்.

தீ பட்டால் உடனே என்ன செய்வது?

துணியில் தீ பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று பட்டு இன்னும் பற்றும். அப்படியே நின்று, கீழே படுத்து, முகத்தை கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்தி போர்வை, ஈர சாக்கு போட்டு அமுக்கலாம்.

சுட்ட இடத்தை குழாய் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கக்கூடாது. பேஸ்ட், இங்க், மஞ்சள், எண்ணெய், மாவு எதுவும் தடவக்கூடாது. வீக்கம் வருவதற்கு முன்பே மோதிரம், வளையல், கொலுசை கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை பிய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கள்.

அறைக்குள் யாராவது மயங்கி கிடந்தால், உள்ளே போகும் முன் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். மூச்சை பிடித்துக்கொண்டு போய் ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். காப்பாற்ற போனவரும் அங்கேயே விழுந்த கதைகள் உண்டு. முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த விஷத்துக்கு மருந்து ஆக்சிஜன்தான். சாதாரண காற்றில் ரத்தத்தில் உள்ள விஷ வாயு பாதியாக குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முழு ஆக்சிஜன் வைத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். ஆள் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிலருக்கு நாள் கழித்து ஞாபக மறதி, தடுமாற்றம் வருவது உண்டு. "கரி நெருப்பு வைத்த அறையில் தூங்கினார்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும்.

காலையில் எழும்போது வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் சேர்ந்து தலைவலி, வாந்தி என்றால் அது சாப்பாட்டு கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரி அறைக்குள் நெருப்பு இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

தீ விபத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. செல்போனில் இந்த 3 நம்பரும் இருக்கட்டும். பக்கத்து வீட்டு வடமாநில தம்பிக்கும், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் சொல்லி வையுங்கள். நெருப்பை வாசலோடு நிறுத்தி, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, கம்பளியை இழுத்து போர்த்திக்கொண்டு படுத்தால் நிம்மதியாக தூங்கலாம்.